இரண்டு விசிலுக்கு வெந்நீர்

மாடி வீடுகளில் இன்று என்ன சமையல் என்று தையல்காரிக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய சமையலறை சிங்க்கே சொல்லிவிடும். தேயிலைத்தூள் மிதந்து வந்தால் முதல் மாடிப் பல் டாக்டர் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று பொருள். உருளைக்கிழங்குத் தோல் வந்தால் இரண்டாவது மாடி சிப்ஸ்காரருக்குப் பெரிய ஆர்டர். மூன்று வீட்டுக்கும் ஒரே இரும்புக் குழாய். அது மேலிருந்து சுவருக்குள்ளேயே இறங்கி, தரைத்தளத்தில் அவள் வீட்டுக்கு அடியில் படுத்து, கொல்லையில் இருக்கும் சாக்கடைத் தொட்டியில் போய் முடிகிறது. அதாவது, முடிய வேண்டும். முடியாத நாட்களில் மேலே ஊற்றியதெல்லாம் அவள் சிங்க்கின் வழியே குபுகுபுவென்று எட்டிப் பார்க்கும். எட்டு வருடமாக மாடிக்காரர்களை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைவிட அவர்கள் தட்டில் மிஞ்சியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம்.

தெரு முழுக்க அவளுக்கு டெய்லரக்கா என்றுதான் பேர். சமையலறைக்கு அடுத்த அறைதான் அவளுடைய தையலறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, காலை முதல் சாயங்காலம் வரை வெளிச்சம் கொட்டும் ஒரு பெரிய ஜன்னல். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் கண்ணாடி போடாமல் தைக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம். அந்த ஜன்னலுக்காகத்தான் சிங்க் செய்த அக்கிரமத்தையெல்லாம் எட்டு வருடம் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது அந்த அறைக்கே ஆபத்து வந்துவிட்டது. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் வெளியே வராத வீட்டு ஓனர் ஒரு காலையில் வந்து, ஈரம் பூத்த சுவரைக் குடை முனையால் தட்டிப் பார்த்தார்.

"போன தடவை அந்தக் குழாய்க்காரன் ஆசிட் ஊத்தினான் பாரு, ஜாயிண்ட்டையே அரிச்சிருக்கு. இனிமே எவனாவது ஆசிட் பாட்டிலோட இந்தப் பக்கம் வந்தா நடக்கறதே வேற. சுவரை ஒடைச்சு வேற குழாய்தாம்மா போடணும். ரெண்டு மாசம் புடிக்கும்."

"ரெண்டு மாசமா? நான் எங்க சார் உக்காந்து தைக்கறது?"

"அதான் சொல்ல வந்தேன். ஒடைக்கறதுன்னு ஆயிட்டா, அப்புறம் இந்தப் போர்ஷனை குடோனாக்கிக்கலாம்னு பாக்கறேன். நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அவள் வாதாடினாள். அரித்தது ஒரு ஜாயிண்ட்தான், அதற்கு வெளியிலிருந்தே பட்டி வைத்துப் பூசிவிடலாம், அடைப்பு எடுபட்டால் சுவரைத் தொடவே வேண்டாம் என்றாள். ஓனர் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். பிடிவாதக்காரர்கள் சில சமயம் கெடு கொடுப்பார்கள். "ரெண்டு ஞாயித்துக்கிழமை டைம். ரெண்டாவது ஞாயிறு கொத்தனாரோட வருவேன். மூணு வீட்டுத் தண்ணியும் ஒண்ணா எறங்கணும். எறங்கலைன்னா சுத்தியல்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு பட்டனும் நேராகத் தைக்க வரவில்லை. வேறு வீடு கிடைக்காதா என்ன, கிடைக்கும். இந்த அறை கிடைக்காது.

ஆனால் டெய்லரக்கா மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. தையல் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கி நின்றால், அடிநூலைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. கோளாறு மேல்நூலில் இருக்கும். எட்டு வருடமாகத் தன் சிங்க்கைக் குடைந்து குடைந்து கை சலித்ததுதான் மிச்சம், மேலே போய்ப் பார்த்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கையில் இரண்டு மூட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா சமையல் சோடா, ஒரு பாட்டில் வினிகர், சிங்க் வாயில் வைக்க ஒரு கம்பிச் சல்லடை, தையலில் மிஞ்சிய துண்டுத்துணி ஒரு கட்டு. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் துண்டுத்துணியால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். ஞாயிறு காலை சிங்க் வாயில் ஒரு கை சோடா, மேலே ஒரு டம்ளர் வினிகர். நுரைத்துப் பொங்கும்போது ஈரத்துணியால் மூடி அரைமணி விட வேண்டும். அப்புறம் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். குழாய் இரும்பு என்பதால் எவ்வளவு சூடானாலும் தாங்கும்.

பல் டாக்டர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். "சொத்தை ஆழத்துல இருக்கும் போலிருக்கே" என்றார். டாக்டரம்மா மட்டும், "இதையெல்லாம் எங்க வீட்டுல ஏற்கெனவே சுத்தமாத்தான் வெச்சிருக்கோம்" என்று மூட்டையை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். சிப்ஸ்காரர் நல்ல ஆகிருதி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. இவருக்குத் திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டே அவள் இறங்கி வந்தாள்.

ஒருங்கிணைப்பு வேலை அவள் புருஷனுக்கு. அவர் பஸ் கண்டக்டர். ஊர் உலகமே அவர் விசிலுக்கு நகர்ந்து நிற்கிறது என்பது அவருடைய நினைப்பு. கொல்லையில் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இரண்டு விசில் என்றால் ஊற்ற வேண்டும், ஒரு நீள விசில் என்றால் நிறுத்த வேண்டும். பஸ்ஸுக்கு என்ன சட்டமோ வெந்நீருக்கும் அதே சட்டம்.

முதல் ஞாயிறு. மேல்நூல் கணக்குப்படி இரண்டாவது மாடியிலிருந்து ஆரம்பம். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்து, "ரைட், போலாம்!" என்று ஒரு குரலும் கொடுத்தார். சிப்ஸ்காரர் ஊற்றினார். தண்ணீர் ஒரே மடக்கில் இறங்கியது. அடுத்து டாக்டர் வீடு. அங்கும் ஜோர். "எங்க சிங்க் பளபளன்னு ஆயிடுச்சு!" என்று டாக்டர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். டெய்லரக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராணி மாதிரி தன் பாத்திரத்தைத் தூக்கி வந்து தன் சிங்க்கில் சாய்த்தாள்.

தண்ணீர் இறங்கவில்லை. நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு ஏற ஆரம்பித்தது.

"ஐயோ, ஏங்க!" என்று அவள் அலறினாள்.

மனைவி உற்சாகத்தில் கூப்பிடுகிறாள் என்று கண்டக்டர் நினைத்தார். அடுத்த ரவுண்டுக்கு இரண்டு விசில் கொடுத்தார். மாடியில் இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். இன்னும் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஊற்றினார்கள். சாம்பல் நிறத்தில், மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மினுங்க, சிங்க் வழிந்து, சமையலறையைத் தாண்டி, தையலறைக்குள் போய் மெஷின் பெடலை நனைத்தது. மேஜை மேல் அடுக்கியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகள் மட்டும் தப்பின. அவள் மேஜையோடு சேர்த்து அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

உதவிக்கு ஓடி வந்தவர் டாக்டரம்மா. அந்தவரைக்கும் மகராசிதான். கையோடு தன் பங்கு துண்டுத்துணிக் கட்டைக் கொண்டு வந்திருந்தார். தரையைத் துடைக்க அதை அவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் ஒரு நீலப் பூப்போட்ட துணி.

"டெய்லரக்கா. இது என் கவுன் துணியில்ல?"

"எது... அதுவா டாக்டரம்மா..."

"துணி பத்தல, முழுக்கை வராது, அரைக்கைதான் வரும்னு சொன்னீங்களே? இதுல ரெண்டு கையும் வந்து ஒரு காலரும் வருமே!"

டெய்லரக்கா கணுக்கால் ஆழத் தண்ணீரில், கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றாள். "கோணலா வெட்டுப்பட்டிருந்துச்சு" என்று முனகியது அவள் காதுக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு எங்க வீட்டுல வெந்நீர் கிடையாது" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார்.

சாயங்காலம்வரை புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் தள்ளினார்கள். கண்டக்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

"டிப்போகிட்ட ஒரு வீடு காலியா இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்ங்கறாங்க. சின்ன வீடுதான். ஒரு மெஷின் போடலாம்."

"ஜன்னல்?"

"இருக்கு. எதிர்ல செவுரு."

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

இருபது வருடக் குடித்தனத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன பொருள் என்று கண்டக்டருக்குத் தெரியும். தெரியாதவர் போலத் தரைத்துணியைப் பிழிந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, சிங்க்கில் கழுவ முடியாததால் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். நெய்யில் முட்டை பொரித்த சட்டியில் வெந்நீரைச் சுழற்றித் தரையில் ஊற்றினாள். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. தொட்டியோரத்துக் கல் மேட்டைத் தொட்ட இடத்தில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அந்தக் கல்லில், சட்டென்று நெய் வெள்ளையாக ஆடை கட்டிப் படிந்து நின்றது.

அவள் சட்டியைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்தாள். மறுபடியும் ஊற்றிப் பார்த்தாள். மறுபடியும் அதே இடம். சூட்டில் கரைகிறது, ஓடுகிறது, குளிர்ந்த இடம் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. குளிர்ந்த இடம் எது? தரைக்கடியில் படுத்திருக்கும் தன் வீட்டுக் குழாய். அப்படியானால் போன ஞாயிறு நடந்தது என்ன? இரண்டு மாடிக் குழாய்களில் பல வருடமாக ஒட்டியிருந்த கொழுப்பை நல்லபடியாக உருக்கி, விசில் ஊதி வரவேற்று, தன் வீட்டுக்கடியில் கொண்டுவந்து உறைய வைத்திருக்கிறாள்!

"அட மண்டு!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். சட்டிக்கரி நெற்றியில் ஒட்டியது. குழாய் ஒன்றும் தையல் மெஷின் இல்லை. கீழேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் அடிக்குழாயைச் சூடாக்கி வழி திறந்துவிட்டால், மேலேயிருந்து வருவது நிற்க இடமில்லாமல் நேரே தொட்டிக்கு வந்து விழும். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கரி நெற்றியோடு அப்படியே மாடிக்கு ஓடினாள்.

சிப்ஸ்காரர் கதவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். கடைசியில் அந்தப் பெரிய உடம்பிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அக்கா, என்னாலதான் அடைக்குதுன்னு எனக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டியெல்லாம் நாந்தான கழுவறேன். மூணு வருஷமா உங்க வாசலைத் தாண்டும்போது தலையை நிமிர்ந்து பாத்ததில்ல. வெக்கமா இருக்கும்."

திமிர் என்று அவள் நினைத்தது வெட்கம். அவளுக்குச் சுருக்கென்றது. "விடுங்கண்ணே, நான் மட்டும் ஒழுங்கா?" என்றாள். சிப்ஸ்காரர் அன்றிலிருந்து பழைய எண்ணெயை ஒரு டின்னில் சேர்த்துச் சோப்புக் காய்ச்சுகிறவருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் டின்னையும் கொண்டுவந்து காட்டினார்.

டாக்டரம்மா விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. புதன்கிழமை கதவே திறக்கவில்லை. வியாழக்கிழமை அவள் போய், "அந்தக் கவுனையும் துண்டுத்துணியையும் குடுங்க, ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். சாயங்காலம் கவுன் திரும்பிப் போனது. முழுக்கை, மணிக்கட்டில் இரண்டு பட்டன், மிஞ்சியதில் காலர். தையல் எங்கே சேர்கிறது என்று டாக்டரம்மா கண்ணாடி போட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை பாத்திரம் வெக்கணும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கண்டக்டர் டிப்போவிலிருந்து நேரம் கழித்து வந்தார். கை கால் கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். டிப்போ வீட்டுக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டிருப்பார், சொன்னால் அழுவேன் என்று மறைக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா? ஆனாலும் ஜன்னல் பக்கம் பார்க்காமலே சீருடைகளைத் தைத்து முடித்தாள்.

இரண்டாவது ஞாயிறு. ஓனர் குடையோடும், கொத்தனார் சுத்தியல் உளியோடும் எட்டு மணிக்கே ஆஜர்.

"பத்து நிமிஷம் சார்" என்றாள் டெய்லரக்கா.

"அதான் ரெண்டு வாரம் குடுத்தேனே."

"அதோட இந்தப் பத்து நிமிஷத்தையும் சேத்துக் குடுங்க."

கொத்தனார் அதற்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டதால் ஓனரும் உட்கார வேண்டியதாயிற்று.

மூன்று வீட்டு சிங்க்கிலும் ஏழரைக்கே சோடாவும் வினிகரும் போட்டு மூடியாகிவிட்டது. இந்தத் தடவை முதல் வெந்நீர் கொல்லையில். தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாய் வாயிலேயே கண்டக்டர் இரண்டு வாளி கொதிநீரை வீசி அடித்தார். குழாய் வாய் எச்சில் விட்டது, வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் உதிர்ந்தன. பிறகு இரண்டு விசில். அவள் தன் சிங்க்கில் ஊற்றினாள். நின்றது. ஏறவில்லை, நின்றது. இன்னொரு பாத்திரம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது பாத்திரத்துக்குக் குழாய் அடித்தொண்டையில் ஒரு ஏப்பம் விட்டது, தண்ணீர் ஒரு விரல் இறங்கியது, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் மொத்தமாகச் சுழித்துக்கொண்டு உள்ளே போனது.

"வருது, வருது! வழி விடு!" என்று கொல்லையில் கண்டக்டர் கூவினார்.

இரண்டு விசில். முதல் மாடி. டாக்டரம்மா முழுக்கைக் கவுனில், கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊற்றினார். இரண்டு விசில். இரண்டாவது மாடி. சிப்ஸ்காரர் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் அண்டாவையே கவிழ்த்தார். சுவருக்குள் தடதடவென்று ஒரு ரயில் இறங்கியது. ஓனர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

அப்போதுதான் ஒரு நீள விசில்.

எல்லாரும் கொல்லைக்கு ஓடினார்கள். குழாய் வாயில் ஏதோ தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கொத்தனார் கொக்கியைப் போட்டு இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு கை நீளம், கைப்பருமன், கொழுப்பு அப்பிய கயிறு. டாக்டர் குனிந்து பார்த்து, "வேரோட வந்திருக்கு, சபாஷ்" என்றார். கண்டக்டர் அதன்மேல் மிச்ச வெந்நீரை ஊற்றினார். கொழுப்பு கரைய, உள்ளேயிருந்து சிவப்பு, பச்சை, மஞ்சள், சீருடை நீலம் என்று நிறம் நிறமாக நூல் வெளிப்பட்டது.

எல்லாரும் நூலைப் பார்த்தார்கள். பிறகு டெய்லரக்காவைப் பார்த்தார்கள்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. புதுத் துணியை வெட்டும்முன் தண்ணீரில் முக்கிப் பிழிவது அவள் வழக்கம், பிறகு சுருங்காமல் இருக்க. பிழிவது சிங்க்கில். ஓரத்தில் பிரிந்த நூலெல்லாம் உள்ளே போகும். ஒரு நாளைக்கு நாலு இழை இருக்குமா? எட்டு வருடம்! குழாய்க்குள் எந்தத் துரு முனையிலோ முதல் இழை மாட்டி, அடுத்ததைப் பிடித்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. மாடிக் கொழுப்பெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது அதன் மேல்தான்.

ஓனர் குடையால் நூலைக் காட்டினார். "இது யாரோட வேலை?"

தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சுவர் பிழைத்த நேரத்தில் அவரே வெளியே போ என்று சொல்லிவிட்டால்? ஆனால் பக்கத்தில் சிப்ஸ்காரர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"என்னோடதுதான் சார். நூல் என்னோடது. எட்டு வருஷமா மேல இருக்கறவங்களைத் திட்டிட்டிருந்தேன். அடைச்சது நாந்தான்."

சிப்ஸ்காரர் நிமிர்ந்தார். "அப்ப... நான் மட்டும் இல்லையா அக்கா?"

"நீங்க கொழுப்புதாண்ணே குடுத்தீங்க. கயிறு திரிச்சது நான்."

சிப்ஸ்காரர் சிரித்தார். மூன்று வருடச் சிரிப்பையும் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது, வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தேயிலைத்தூளு எங்களோடது" என்று டாக்டரம்மாவும் தானாகவே ஒத்துக்கொண்டார். "சல்லடையே வெச்சதில்ல. போன வாரந்தான் வெச்சேன்."

ஓனர் யாருடைய வாக்குமூலத்தையும் கேட்கும் நிலையில் இல்லை. அவருக்குப் பரீட்சை முடியவில்லை. மூன்று சிங்க்கையும் விளிம்புவரை நிரப்பச் சொன்னார். தரைத்தளத்து சிங்க் முன்னால் தானே போய் நின்றார். கண்டக்டர் விசிலைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை ஊதினார். மூன்று அடைப்பான்களும் ஒரே நேரத்தில் பிடுங்கப்பட்டன. சுவருக்குள் மேலேயிருந்து வெள்ளம் இறங்கும் சத்தம் கேட்டது. டெய்லரக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் அவளைத் தாண்டி, தரைக்கடியில் ஓடி, கொல்லையில் போய் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது சிங்க் காலி. ஒரு பருக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மறுபடியும்" என்றார் ஓனர். மறுபடியும் காலி. மூன்றாவது தடவை அவரே ஆசையாக அடைப்பானைப் பிடுங்கி, தண்ணீர் சுழித்துப் போவதைக் குனிந்து பார்த்தார். அதற்குள் கொத்தனார் உளியைப் பையில் போட்டுவிட்டு ஈர ஜாயிண்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒடைக்கற வேலை ஒண்ணும் இல்ல. இந்த எடத்துல ஒரு பட்டி வெச்சுப் பூசினா போதும். அரை நாள் வேலை."

ஓனர் சுவரைக் குடை முனையால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "சரி, குடோனுக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். "ஆனா ஏம்மா, துணி பிழியறதை வாளியில பிழி."

"இனிமே வாளியிலதான் சார்! ரெண்டு வாளியில!"

மாடி ஜன்னல்களில் கைதட்டல். டாக்டர் இன்னும் ஒரு அலசலுக்குத் தயார் என்று கத்தினார். கொத்தனார் சிமெண்ட் குழைக்க ஆரம்பித்தார். டெய்லரக்கா தையலறைக்குள் போனாள். ஜன்னல் வெளிச்சம் மேஜை முழுக்க விழுந்து கிடந்தது. இரண்டு நாளாகப் பார்க்காமல் இருந்த வெளிச்சம். அவள் மேஜையின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான், போகவில்லை, என்னிடமே இருக்கிறது என்று உள்ளே ஒரு குதியாட்டம்.

கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டியபடி வாசலில் வந்து சாய்ந்தார்.

"ஏங்க, முதல் வேலையா அந்த டிப்போ வீட்டுக்காரர்கிட்டப் போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஒத்துக்கிட்டதுக்குக் கோச்சுக்கப்போறாரு."

"சொல்லியாச்சு."

"எப்போ? காலையில இருந்து இங்கதான நிக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை."

அவள் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையா? அன்னைக்கு ஒரு சொட்டுகூட எறங்கலையே!"

"ஆமா."

"இன்னைக்கும் எறங்காம போயிருந்தா?"

"என்ன ஆயிருக்கும்? என் வண்டியில கடைசி சீட்டைக் கழட்டிட்டு உன் மெஷினைப் போட்டிருப்பேன். ரெண்டு பக்கமும் ஜன்னல். உக்காந்து தைச்சுக்கிட்டே வர வேண்டியதுதான்."

"ரெண்டு நாளா வாயைத் தொறக்கலையே நீங்க!"

"சொல்லியிருந்தா நீ பயந்திருப்பே. நீ பயந்தா எனக்கும் பயம் வந்துடும்" என்றார் கண்டக்டர், விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. இந்த மனுஷன் தன்னை நம்பவில்லை என்று வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவரோ இருந்த ஒரே கூரையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் பேசாமல் படுத்திருந்தார். அவள் மேஜைக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, "இங்க வந்து உக்காருங்க" என்றாள்.